ஒரு நூல் இடப்பக்கம்

அவள் கைகளில் சுண்ணப்பொடியைத் தேய்த்துக்கொண்டாள். இடது உள்ளங்கையில் மட்டும் இன்னொரு முறை.

"காலைல ரெண்டு இட்லிதான்க்கா. தைரியமா தூக்குங்க," என்றாள் பெனிட்டா.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்றும் பெனிட்டா விழுந்தால் ஜோடியைப் பிரித்துவிடுவதாக ஜிம்னாஸ்டிக்ஸ் மாஸ்டர் சொல்லியிருந்தார். பிரித்தால் இருவருக்குமே மாநில அணியில் இடமில்லை.

பெனிட்டா அவள் கைகளின்மேல் தலைகீழாக எழுந்தாள். கால்கள் கூரையைப் பார்த்து நீண்டன.

இந்த ஆட்டத்தில் சட்டம் ஒன்றுதான். மேலே இருப்பவள் கட்டைபோல் நிற்க வேண்டும். ஆடினால் கீழே இருப்பவள் பார்த்துக்கொள்வாள். உள்ளங்கையில் துடைப்பக்குச்சியை நிறுத்துகிற வித்தை. குச்சி சாயும் பக்கமே கையும் போக வேண்டும்.

பெனிட்டாவுக்கு முன் மேலே நின்ற சுகிர்தா எப்போதும் ஒரு நூல் அளவு இடப்பக்கம் சாய்வாள்.

பள்ளி நாளிலிருந்து இந்தக் கைகள் அந்த ஒரு நூலை ஏந்தியே பழகியவை.

போன மார்கழியில், கை இடப்பக்கம் போன அதே நொடியில், சுகிர்தாவும் தன்னை வலப்பக்கம் இழுத்துக்கொண்டாள். மேலே இருப்பவள் செய்யவே கூடாதது அது.

வலப்பக்கம் விழுந்தாள். கழுத்து.

ஆஸ்பத்திரி வாசலைக்கூட எட்டவில்லை.

அந்த ஒரு நொடி என் கையை ஏன் நம்பவில்லை, சுகிர்தா? கேட்க ஆளில்லை.

பெனிட்டா சாய்கிறவள் இல்லை. ஆனால் கைகள் தாமாக இடப்பக்கம் போயின. ஒவ்வொரு முறையும் பெனிட்டா வலப்பக்கம் சரிந்தாள். நேற்று முட்டியைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்:

"நான் நேராத்தான் நிக்கிறேன்க்கா. நீங்க யாரைத் தாங்குறீங்க?"

மாஸ்டர் எண்ணத் தொடங்கினார்.

இடது உள்ளங்கையில் அந்தப் பழைய கனம் வந்தது. ஒரு நூல். மெல்ல, வழக்கம்போல, நம்பிக்கையோடு சாய்ந்தது.

கை துடித்தது. போ என்றது.

அவள் பல்லைக் கடித்தாள். கையை அசைக்கவில்லை.

பெனிட்டா தூண்போல் நின்றாள்.

இடப்பக்கம், மெத்தையில், ஏதோ விழுந்த சத்தம்.

மாஸ்டர் எண்ணுவதை நிறுத்தவில்லை. வேறு யாரும் திரும்பவில்லை. அவளும் திரும்பவில்லை.

"எறங்கு. ரெண்டு பேரும் டீம்ல இருக்கீங்க," என்றார் மாஸ்டர்.

பெனிட்டா குதித்து இறங்கினாள். தண்ணீர் பாட்டில் இடப்பக்க ஓரத்தில் இருந்தது. அதை எடுக்கச் சிரித்தபடியே ஓடினாள்.

பாதி வழியில் நின்றாள்.

பிறகு, வெறும் மெத்தையில் ஓர் இடத்தைப் பார்த்து, கால் படாமல் சுற்றிக்கொண்டு போனாள்.