அசையாத வள்ளம்

“வள்ளத்திலை நிண்ட ஆள் கரைக்குக் குதிச்சால் வள்ளம் பின்னாலை போகும் எண்டு எல்லாரும் எழுதியிருக்கினம். நீர் மட்டும் ‘அசையாது’ எண்டு எழுதியிருக்கிறீர்” என்றார் பார்த்தீபன் சேர்.

பதினோராம் வகுப்பே சிரித்தது. உதயகலா விடைத்தாளோடு எழுந்து நின்றாள். இந்த ஐந்து புள்ளி கிடைத்தால்தான் அவள் வலய விஞ்ஞானப் போட்டிக்குப் போகலாம்.

“தொண்டைமானாற்றிலை பிறந்தனீர். அப்பாவும் கடலுக்குப் போறவர். உமக்கு உது தெரியாதோ? தாக்கம் இருந்தால் மறுதாக்கமும் இருக்கும். நியூற்றன்ரை விதி.”

“ஓம் சேர். ஆனால் கேள்வித்தாள் படத்திலை இருக்கிற வள்ளம் அசையாது.”

தினமும் கடலில்லாத இணுவிலிலிருந்து வந்துபோகும் சேருக்குக் கோபம் வந்துவிட்டது.

“படத்திலை என்ன பிழை? உங்கடை கரையிலை நிண்ட வள்ளத்தைப் பார்த்து நானே கீறினது. ஒரு கோடுகூட மாறேல்லை!”

“அதுதான் சேர். எஞ்சினை மேலை தூக்கிவிட்டுக் கிடக்கு.”

“அதுக்கென்ன?”

“வள்ளம் மணலிலை ஏறேக்கைதான், விசிறி அடிபடாமல் எஞ்சினைத் தூக்குவினம். இந்த வள்ளத்தின்ரை அடி மணலிலை இறுகிப்போச்சு. பத்துப் பேர் தள்ளினாலே கஷ்டப்பட்டுத்தான் அசையும். ஒரு ஆள் குதிச்சால் உராய்வு அசைய விடுமோ சேர்?”

சிரிப்பு நின்றது. கடற்கரைப் பிள்ளைகள் அத்தனை பேரும் அப்போதுதான் படத்தைப் பார்த்தார்கள். சேரும் பார்த்தார்.

பிறகு சிவப்புப் பேனாவை அவளிடம் நீட்டினார்.

“அஞ்சு புள்ளியையும் நீரே போடும்.”

போட்டாள். பேனாவைத் திருப்பிக் கொடுக்கப் போனவளிடம் தன் கேள்வித்தாளையும் நீட்டினார்.

“இதிலை எனக்கும் ஒரு பிழை போடும்.”