தூக்கி வைத்த கை

ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்திருந்த தெய்வநாயகியின் வலது கையைப் பேராசிரியர் தலை உயரத்துக்குத் தூக்கி, விரித்து வைத்தார். “வெச்ச கை வெச்ச இடத்துலயே நிக்கும். இறக்குன்னு மூளையில ஒரு செல் சொல்றது அடுத்த செல்லுக்குப் போய்ச் சேராது. சாயங்காலத்துக்குள்ள தானா இறக்கிட்டா, வீட்டுக்கு அனுப்பிடலாம்.” மாணவர்கள் எழுதிக்கொண்டு போனார்கள்.

அத்தனையும் அவள் காதில் விழுந்தது. பல்லைக்கூடக் கடிக்க முடியாமல், உள்ளுக்குள்ளேயே அந்தக் கையோடு மல்லுக்கு நின்றாள். மத்தியானத்துக்குள் இரண்டு சாண் இறக்கிவிட்டாள். இன்னும் ஒரு சாண் இறக்கினால் மடி.

அப்போதுதான் புருஷன் குணசீலன் கல்யாணப் பத்திரிகையோடு வந்தான். பக்கத்தில் அவன் புதிதாகக் கட்டிக்கொள்ளப் போகிறவள். கூட வந்த அவன் தங்கை படம் பிடிக்கச் செல்போனை எடுத்தாள்.

“அண்ணி கை தூக்கினாப்லதான் இருக்கு. ரெண்டு பேரும் குனிஞ்சு ஆசீர்வாதம் வாங்குங்க. நாளைக்கு ஒருத்தரும் நாக்கு மேல பல்லைப் போட்டுப் பேச முடியாது.”

குனிந்தார்கள். கை மணப்பெண்ணின் பூவில் இடித்தது.

“கொஞ்சம் ஏத்தி விடுண்ணா.”

குணசீலன் அந்தக் கையை அலுங்காமல் பிடித்து, காலையில் இருந்த உயரத்துக்கே ஏற்றி வைத்தான்.

சாயங்காலம் மாணவர்களோடு திரும்பி வந்த பேராசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“பாத்தீங்களா? ஒரு இம்மி அசையல.”