புகார் அக்காவின் நம்பர்

தொலைபேசி அலுவலகத்தில் அந்தத் தையல்காரம்மாவுக்கு வைத்திருந்த பெயர், ‘புகார் அக்கா’.

வாசலில் அவர் தலை தெரிந்ததுமே கவுன்ட்டர் குமாஸ்தாவுக்குத் தலை வலித்தது.

“மறுபடியும் என்னக்கா?”

“அதேதான் தம்பி. நேத்து மட்டும் முப்பத்தொரு ராங் நம்பர். ஒரு சட்டைக்குக் காலர் வெக்கறதுக்குள்ள ஒன்பது தடவை எழுந்தேன். காலர் கோணிக்கிச்சு. சட்டைக்காரர் என்னைத் திட்டிட்டுப் போறார்.”

குமாஸ்தா பல்லைக் கடித்துக்கொண்டு ஏழாவது முறையாக விளக்கினார்.

“ஊர்ல நம்பர் தீர்ந்துபோச்சு. அதனால ஆத்துக்கு அந்தப் பக்கம் முழுக்க, இருக்கற நம்பருக்கு முன்னாடி புது ஏரியா கோடு கொடுத்தோம். அவங்க பழைய கோடுல வெச்சிருந்த நம்பரெல்லாம் காலியாச்சு. அதை, கனெக்‌ஷனுக்குக் காத்துக்கிட்டிருந்த உங்களை மாதிரி ஆளுங்களுக்குக் கொடுத்தோம். புதுக் கோடு போடாம அவங்களைக் கூப்பிட்டா, உங்க வீட்டுலதான் மணி அடிக்கும்.”

“அப்ப ‘கோடு மாறிடுச்சு’ன்னு ஒரு குரலைப் பதிஞ்சு இந்த நம்பர்ல போட்டுட்டு, எனக்கு வேற நம்பர் கொடுங்க. ஆறு தடவை எழுதிக் கொடுத்துட்டேனே!”

“நம்பருக்கே பஞ்சம்! அதுல ஒண்ணைப் பதிஞ்ச குரலுக்கு ஒதுக்கச் சொல்றீங்களா? இந்தாங்க, இந்த ஃபாரத்துல கையெழுத்துப் போடுங்க. சாயங்காலமே வேற நம்பர். உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி.”

பேனாவை எடுத்த அக்கா நிறுத்தினார்.

“இந்த நம்பரை என்ன செய்வீங்க?”

“அடுத்து காத்திருக்கறவருக்குக் கொடுப்போம்.”

ஃபாரத்தைத் திருப்பித் தள்ளினார். “வேண்டாம்.”

வரிசையில் நின்றவர் பொறுமை இழந்தார். “நம்பரையும் மாத்த மாட்டாங்க, புகாரையும் விட மாட்டாங்க. வறட்டு வீம்பு!”

குமாஸ்தாவுக்கும் குரல் எகிறியது. “உங்களுக்கு என்னதான்க்கா வேணும்? அப்படி யாருதான் கூப்பிடறாங்க?”

“எல்லாம் நிறைமாசப் பொண்ணுங்க தம்பி. இது முன்னாடி பிரசவ ஆஸ்பத்திரியோட நம்பர். அவங்க கையில இருக்கற சீட்டுல இன்னும் பழைய கோடுதான். வலி எடுத்து, பேச்சு வராம கூப்பிடறாங்க. நான் புதுக் கோடைச் சொல்லி, எழுதிக்கிட்டாங்களான்னு கேட்டுட்டுத்தான் வெக்கறேன்... அடுத்த ஆள் ‘ராங் நம்பர்’னு பட்டுனு வெச்சுட்டா?”