கை அசைந்தால் ஓடும்

விலையுயர்ந்த கடிகாரங்கள் சேர்க்கும் எங்கள் கூட்டத்தில் இப்போது யாருக்கும் அந்த மோகம் இல்லை. எனக்கும்தான். கடைக்காரர் திருப்பி எடுக்க மறுத்த ஒன்றை, பக்கவாதத்தில் விழுந்த அப்பாவின் வலக்கையில் கட்டிவிட்டேன். அதற்குச் சாவி கிடையாது. கை அசைந்தால்தான் ஓடும், இல்லையென்றால் ஓரிரு நாளில் நின்றுவிடும். மாதக்கணக்கில் ஓடுகிறது.

"கையில அசைவே இல்லையே," என்றார் டாக்டர்.

"ஏம்மா, நீ ஆட்டிவிடறியா?" என்று அம்மாவைக் கேட்டேன்.

"எனக்கு வேற வேலை இல்ல பாரு. ஓடறத எதுக்குடா நோண்டற?" என்றாள் அம்மா.

என் வீட்டில் நின்றுபோய்க் கிடந்த அதே வகைக் கடிகாரம் இன்னொன்றை எடுத்துவந்து, வார் எட்டாமல் கட்டுத்துணி சேர்த்து, அப்பாவின் வலது கணுக்காலில் கட்டினேன்.

"காலுக்குமாடா?" அம்மா வெகுநாள் கழித்துச் சிரித்தாள்.

அடுத்த வாரமும் கால் கட்டைபோலத்தான் கிடந்தது. கடிகாரம் ஓடியது.

அம்மா குனிந்து அதனிடம், "நீ நல்லா இருப்பே," என்றாள்.