ஐம்பதுக்கு நாலு

"டாக்டர், நீங்க ஜெயிச்சா என் பொண்ணு இன்னைக்கே ஊருக்குக் கிளம்புறா. மெஷின் ஜெயிச்சா, இங்கேயே இருந்து படிப்பை முடிக்கட்டும்!"

யேசுலின் அப்பா இப்படிப் பந்தயம் கட்டுவார் என்று எங்கள் லேபில் யாரும் எதிர்பார்க்கவில்லை. தோங்யோங் என்கிற கடலோர ஊரில் சிப்பி வளர்க்கிறவர். மகளைப் பார்க்க சியோலுக்கு வந்திருந்தார்.

"ஆறு வருஷமா ஆஸ்பத்திரி வளாகத்துலயே படிக்கிறா. ஒரு நோயாளியைக்கூடத் தொட்டதில்ல!"

"அப்பா, ஸ்கேன் படத்துல கட்டி இருக்கா இல்லையான்னு மெஷினே கண்டுபிடிக்கிறதுக்கான கணக்கை நான் எழுதறேன்."

"கணக்கு எழுதவா? அதுக்குத்தான் நம்ம ஊர் மீனவர் சங்கத்துல வேலை சொல்லி வெச்சிருக்கேனே!"

யேசுலுக்கு முகம் சுருங்கிவிட்டது. பாவம், ஆறு வருட உழைப்பு.

டாக்டர் மா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஸ்கேன் படம் பார்ப்பதில் ஆஸ்பத்திரியிலேயே பெரிய ஆள். வாய் மட்டும் பச்சை மிளகாய்.

"இந்த டப்பாவோட எனக்குப் போட்டியா? போடும்மா படத்தை."

திரையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு படங்கள். இரண்டும் ஒரே புள்ளிமயம். ஒன்றில் மட்டும் மங்கலாக ஒரு கட்டி. எதில் என்று பட்டனை அழுத்த வேண்டும். மொத்தம் ஐம்பது ஜோடி.

டாக்டர் உற்று உற்றுப் பார்த்து அழுத்தினார். முடிவு திரையில் வந்தது.

மெஷின்: 43. டாக்டர் மா: 4.

லேபே குலுங்கிச் சிரித்தது.

"கண்ணாடியை மாத்தச் சொல்லுங்கப்பா!" என்று நானும் என் பங்குக்குச் சொன்னேன்.

யேசுலின் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "இவ்வளவு பெரிய டாக்டரையே கவுத்துட்டா என் பொண்ணு! நீ எங்கேயும் வர வேணாம்மா, முடிச்சிட்டே வா!" என்றவர், மனைவிக்கு போன் போட்டு ஊருக்கே கேட்கிற மாதிரி கத்த ஆரம்பித்தார்.

"வயசாயிடுச்சுப்பா," என்று முனகிக்கொண்டே டாக்டர் வெளியே நடந்தார்.

யேசுல் மட்டும் சிரிக்கவில்லை. அவர் பின்னாலேயே ஓடினாள். என்னவோ ஏதோ என்று நானும் போனேன். லிஃப்ட் அருகே பிடித்துவிட்டாள்.

"டாக்டர், கண்ணை மூடிக்கிட்டு அழுத்தியிருந்தாலே பாதி சரியா வந்திருக்கும். இருபத்தஞ்சு! வெறும் நாலு வாங்கணும்னா, கட்டி எதுல இருக்குன்னு நல்லாத் தெரிஞ்சு, வேணும்னே மத்ததை அழுத்தியிருக்கணும்."

அவள் கண்ணில் நீர். எனக்குச் சிரிப்பு நின்றே போனது.

டாக்டர் மா லேப் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"மெதுவாப் பேசும்மா, உங்கப்பா காதுல விழுந்துடப் போகுது. அந்த நாலுலதான் நான் நிஜமாவே ஏமாந்துட்டேன்!"