மண்ணின் மேல் பழி

அநியாயம் நடந்தது ரெனேட்டாவுக்கு. எங்கள் கல்லூரி பேஸ்பால் மைதானத்தின் மண்ணையும் புல்லையும் பார்த்துக்கொள்கிறவள் அவள். ஆடுகிறவர்கள் பந்தைக் கோட்டைவிட்டார்கள். பழி அவள் மண்ணின் மேல் விழுந்தது.

சீசன் தொடங்கியதிலிருந்தே தோல்விதான். பந்து எறிகிறவர்கள் குறி தவறித் தவறி எறிந்து, எதிராளியைச் சும்மாவே முதல் பேஸுக்கு நடக்கவிட்டார்கள். அடிக்க வேண்டியவர்கள், மூன்றாம் பேஸில் நம் ஆள் காத்து நிற்கும்போதெல்லாம் காற்றை அடித்தார்கள்.

எல்லாவற்றுக்கும் மேல் கோல்பி. முதலாமாண்டு மாணவன், ஷார்ட்ஸ்டாப்; இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவே நிற்கிறவன். தரையோடு உருண்டு வரும் பந்தைத் தடுக்கத்தான் அவனை அங்கே நிறுத்தியிருக்கிறார்கள். பந்தோ அவன் கால்களுக்கு நடுவே புகுந்து புல்வெளிக்குப் போய்விடும். அவனுக்குக் குனியத் தெரியவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் ஆட்டம் முடிந்ததும் கல்லூரி ரேடியோவில் கோச் சொல்வது வேறு. “மண்ணு சரியில்ல. பந்து தாறுமாறா எகிறுது. பையனைக் குறை சொல்ல முடியாது.”

மைதான வேலையை அடுத்த வருஷம் ஏதாவது கம்பெனியிடம் கொடுத்துவிடலாமா என்று நிர்வாகம் ஏற்கெனவே யோசித்துக்கொண்டிருந்தது. கோச் வாயைத் திறக்கத் திறக்க, ரெனேட்டாவின் வேலை ஆட்டம் கண்டது. அவளோ ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை.

போன சனிக்கிழமையும் அதே கதை. குளிருக்குக் கம்பளி போர்த்திக்கொண்டு கேலரியில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் வெண்டல். எந்தக் காலத்திலோ இங்கே படித்தவர், ஒரு ஆட்டத்தையும் விடமாட்டார். சூரியகாந்தி விதையைக் கடித்துத் தோலைத் துப்பியபடி இருந்தார்.

கோல்பி இன்னொரு பந்தை விட்டான். எதிரணியில் இரண்டு பேர் சாவகாசமாக ஓடிவந்து ரன் எடுத்தார்கள்.

“மண்ணைப் பாரு,” என்றார் வெண்டல். “உழுது போட்ட வயல் மாதிரி.”

“அதே மண்ணுலதானே அவங்க ஷார்ட்ஸ்டாப்பும் நிக்கிறான்? அவன் ஒண்ணைக்கூட விடலையே.”

“அவனுக்கு அதிர்ஷ்டம்.”

“ஆட்டம் பூராவுமா?”

“நீ வக்கீலுக்கா படிக்கிற, ஜோஸ்லின்?”

“கணக்கு.”

“அதான். உன் பக்கத்துல உக்காந்தா நிம்மதியாத் தோக்கக்கூட முடியல.”

நான் விடவில்லை. மைதானத்தைப் பார்த்துக்கொள்வது ஒரு ஆம்பளையாக இருந்தால் கோச் இப்படிப் பேசுவாரா என்று கேட்டேன். வெண்டல் பதிலுக்கு விதைப் பொட்டலத்தை நீட்டினார்.

தோற்றோம். கூட்டம் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கலைந்தது. நான் படியிறங்கி மைதானத்துக்குள் போனேன். போகும்போதே ரேடியோவுக்குப் போன் போட்டுவிட்டேன். ஆட்டத்தைப் பற்றி ரசிகர்கள் பேசும் நேரம் அது. லைனிலேயே காத்திருங்கள், சீக்கிரம் உங்கள் முறை வரும் என்றார்கள்.

ரெனேட்டா தனியாக, பந்து எறியும் மேட்டில் முட்டிபோட்டு உட்கார்ந்து, குழி விழுந்த இடத்தில் ஈரக் களிமண்ணை வைத்துத் தட்டிக்கொண்டிருந்தாள். நாற்பதுக்கு மேல் இருக்காது. அன்றைக்கு அறுபது மாதிரி தெரிந்தாள்.

“ரேடியோவுல பேசப்போறேன்,” என்றேன். “மண்ணுல ஒரு குத்தமும் இல்ல, கோல்பிக்குத்தான் குனியத் தெரியலன்னு ஊருக்கே சொல்றேன். நீங்களும் ஒரு வார்த்தை பேசுங்க.”

“வேண்டாம்.”

“பயமா?”

“அசதி.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இப்படி வாயை மூடிக்கொண்டிருப்பதால்தான் ஆளாளுக்குத் தலையில் ஏறி மிதிக்கிறார்கள் என்றேன். தன் அணியின் ஓட்டையை மறைக்க கோச் அவளைக் காவு கொடுக்கிறார் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவள் முழுவதும் கேட்டுவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

“கோச்சைத் திட்டாத. அவருக்கு அதுல இஷ்டமே இல்ல.”

“அப்புறம் ஏன் சொல்றாரு?”

“நான் சொல்லச் சொன்னேன்.”

போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டேன்.

“இந்த சீசன்ல இங்க நடந்த முதல் ஆட்டம் ஞாபகம் இருக்கா? எல்லாரும் போனப்புறம் பெஞ்சுக்கு அடியில குப்பை பெருக்கப் போனேன். கோல்பி மட்டும் உக்காந்திருந்தான். ஷூவைக்கூடக் கழட்டல. டீம் சட்டையை யாருகிட்டத் திருப்பிக் கொடுக்கணும், நாளைக்கு பஸ் எத்தனை மணிக்குன்னு என்னைக் கேட்டான். படிப்பையும் விட்டுட்டு வீட்டுக்குப் போயிடறதுன்னு முடிவு பண்ணிட்டான். பதினெட்டு வயசு.”

கையிலிருந்த களிமண்ணைத் தட்டி உதறினாள்.

“பந்து கல்லுல பட்டு எகிறிச்சு, தப்பு என்னோடதுன்னு அவன்கிட்டப் பொய் சொன்னேன். நான் மட்டும் சொன்னா நம்புவானா? அதான் கோச்சையும் சொல்லச் சொன்னேன். இப்ப தினம் காலையில எனக்கு முன்னாடி வந்து நிக்கிறான், பந்து பிடிச்சுப் பழக.”

“உங்க வேலை போயிடுமே, ரெனேட்டா.”

“அவன் பிடிக்கக் கத்துக்கிட்டான்னா மண்ணு தானா நல்லாயிடும்.”

கையில் இருந்த போனில் குரல் கேட்டது. “ஹலோ? ஜோஸ்லின், லைன்ல இருக்கீங்களா? நீங்களே சொல்லுங்க. நம்ம டீமுக்கு என்னதான் கோளாறு?”

ரெனேட்டா என்னைப் பார்க்கக்கூட இல்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு, கோல்பி நிற்கும் இடத்தைப் பார்த்து நடக்கத் தொடங்கியிருந்தாள்.

“மண்ணுதான்,” என்றேன். “கொஞ்ச நாள்ல சரியாயிடும்.”