சுலபமாத் திறக்கணும்

"அஞ்சே அஞ்சு வருஷமாக்கா? கொல்லப் பார்த்தவனுக்கு?"

கோபத்தில் பூட்டுக்காரரின் கை அப்படியே நின்றுவிட்டது. பாதி கழற்றிய பழைய பூட்டு கதவில் தலைகீழாகத் தொங்கியது. இந்தத் தெருவுக்குக் கடை கொண்டுவந்து ஆறு மாதம்கூட ஆகாத மனிதர். பழைய கதை எதுவும் அவருக்குத் தெரியாது.

"அதுவும் முழுசா இல்லை தம்பி. உள்ள ஒழுங்கா இருந்தான்னு கொஞ்சம் குறைச்சிருக்காங்க. நாளைக்கு மத்தியானம் வெளிய வர்றான்" என்றாள் அவள். சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். வலது கையில் இரண்டு விரல்கள் மடங்காது. தலையில் விழ வேண்டிய இரும்புக் கம்பியை அந்தக் கைதான் வாங்கிக்கொண்டது.

"என்னைக் கேட்டா, இவனுங்களையெல்லாம் வெளியவே விடக் கூடாதுக்கா. அஞ்சு வருஷமெல்லாம் ஒரு தண்டனையா? கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிடும்."

"ஓடலை தம்பி."

அவர் திருப்புளியை மறுபடி எடுத்தார். வேலை நின்றாலும் வாய் நிற்காது அவருக்கு.

"எதுக்கு அடிச்சான்?"

"வளையலைக் கேட்டான். தர மாட்டேன்னேன். பேசாம கழட்டிக் குடுத்திருக்கலாம்."

"நல்லா இருக்கே கதை! கேட்டவுடனே கழட்டிக் குடுத்து, வாசல்வரைக்கும் வந்து வழியனுப்பி வைக்கணுமாக்கும்?"

அவளுக்கே லேசாகச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போயும் விட்டது.

"ஆளை அடையாளம் காட்டினது யாருக்கா?"

"நான்தான். வேற சாட்சியே கிடையாது. நான் வாயைத் திறக்கலைன்னா அன்னிக்கே விட்டிருப்பாங்க."

"பெரிய தைரியம்கா உங்களுக்கு. நல்ல காரியம் பண்ணீங்க."

"எல்லாரும் அப்படித்தான் சொன்னாங்க" என்று முந்தானை ஓரத்தை நீவி நீவி மடித்தாள் அவள். மடிக்கத் துணி எதுவும் கையில் இல்லாவிட்டாலும் அவளுக்கு அந்தப் பழக்கம்.

"அது சரி, உள்ள எப்படி வந்தான்? பூட்டை உடைச்சா?"

"சாவி போட்டுத்தான் திறந்தான். செடித்தொட்டிக்கு அடியில வைப்பேன்னு அவனுக்குத் தெரியும்."

"பாருங்க! எத்தனை நாளா நோட்டம் விட்டிருக்கான் பாவி! இனிமே தொட்டிக்கு அடியில, மிதியடிக்கு அடியில, இந்த விளையாட்டெல்லாம் வேணாம்." பையிலிருந்து கனமான பூட்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். "இதைப் போட்டுடறேன். சாவியில்லாம இதைத் திறக்கறதுன்னா எனக்கே நாக்கு தள்ளிடும்."

"இது வேணாம் தம்பி. வெளியேருந்து சுலபமாத் திறக்கணும். பழைய பூட்டு ரொம்ப முரண்டு பிடிக்குது. சாவியும் ரெண்டு வேணும்."

பூட்டுக்காரர் மறுத்துச் சொல்ல வாயெடுத்தார். அவளுடைய விரல்களைப் பார்த்ததும் விஷயம் புரிந்தது போலத் தலையாட்டி, சின்னப் பூட்டு ஒன்றை எடுத்துப் பொருத்த ஆரம்பித்தார்.

"ரெண்டாவது சாவியை நம்பிக்கையான ஆளாப் பார்த்துக் குடுத்து வைங்கக்கா. நாளைக்கு அவன் வர்ற நேரத்துல வீட்டுல தனியா இருக்காதீங்க, என்ன?"

"எங்க இருக்கறது? லீவு கேட்டேன், தர மாட்டேன்னுட்டாங்க. சாயங்காலம்தான் வருவேன்."

"அதுவும் ஒரு வகையில நல்லதுதான்" என்று பூட்டை நாலு முறை திறந்து மூடிக் காட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை அவள் சமைத்ததையெல்லாம் மேசைமேல் மூடி வைத்தாள். கதவைப் பூட்டி, சாவி ஒன்றைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

பிறகு குனிந்து, செடித்தொட்டியை இடது கையால் சாய்த்து, இன்னொரு சாவியை அதன் அடியில் வைத்தாள். பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து, வீட்டுக்கு வந்ததும் அவள் மகன் கைவிட்டுத் துழாவும் இடம் அதுதான்.